எந்த ரயில் என்ஜினைக் காப்பது, எதை உருக்குவது? பாரம்பரியத் தேர்வின் அளவுகோல்கள்: ஒரு விளக்கம்

புது தில்லி: 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்ட நாட்டின் முதல் பயணிகள் ரயிலைச் சாஹிப், சிந்து, சுல்தான் என்னும் மூன்று நீராவி என்ஜின்கள் இழுத்துச் சென்றன. அந்த மூன்றில் ஒன்றுகூட இன்று இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டுக் கல்கத்தா வந்து சேர்ந்த 'ஃபேரி குயின்' என்ஜின் மட்டும் 170 ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது.

வரலாற்று மதிப்பை மட்டும் எடைபோட்டால் முதல் ரயிலை இழுத்த என்ஜினுக்கே முன்னுரிமை கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பயன்பாடு முடிந்த நாளில் அவற்றை எவரும் எடுத்து வைக்கவில்லை. ஃபேரி குயின் 1909இல் பணியிலிருந்து விலக்கப்பட்டபோது அதை உடைக்காமல் ஹவுராவில் காட்சிக்கு நிறுத்தினார்கள். ஒன்று அழிந்ததற்கும் மற்றொன்று பிழைத்ததற்கும் இடையே இருந்தது, உரிய வேளையில் எடுக்கப்பட்ட அல்லது எடுக்கப்படாத ஒரு முடிவு.

அத்தகைய முடிவுகளை எடுக்க வேண்டிய நிலை இப்போது மீண்டும் வந்துள்ளது. அகலப்பாதை வழித்தடங்கள் மின்மயமாகிவரும் நிலையில், அறுபது ஆண்டுகளாக நாட்டின் ரயில்களை இழுத்த டீசல் என்ஜின்கள் பெருமளவில் ஓய்வு பெறுகின்றன. அவற்றுள் எவை வருங்காலத் தலைமுறைக்குத் தேவை, எவை உருக்காலைக்குச் செல்லலாம் என்பதை எந்த அடிப்படையில் தீர்மானிப்பது? நீராவிக் காலத்தின் அனுபவத்தையும் அதிலிருந்து உருவான அளவுகோல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணிக்கை உணர்த்தும் பாடம்

1950-51ஆம் ஆண்டில் இந்திய ரயில்வேயிடம் 8,120 நீராவி என்ஜின்கள் இருந்தன. 1960-61இல் அந்த எண்ணிக்கை 10,312ஆக உயர்ந்தது. அதன்பின் டீசலும் மின்சாரமும் பரவியதால் 1990-91இல் 2,915ஆகக் குறைந்து, 2000-01இல் வெறும் 54ஆகச் சுருங்கியது. ஒரே தலைமுறைக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் தண்டவாளத்தை விட்டு அகன்றன.

எல்லாவற்றையும் வைத்திருக்க இயலாது என்பது வெளிப்படை. ஒரு பெரிய நீராவி என்ஜின் அதன் நிலக்கரிப் பெட்டியுடன் சேர்த்து நூறு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதை நிறுத்த இடம், மேலே கூரை, ஆண்டுதோறும் பராமரிப்பு, அதற்குத் தெரிந்த ஆட்கள் ஆகியவை தேவை. அதேவேளையில் பயனற்ற என்ஜினுக்கும் விலை உண்டு. அதன் எஃகும் செம்பும் பித்தளையும் ஏலத்தில் பணமாகின்றன. ஆகவே ஓர் என்ஜினைக் காப்பது என்பது பராமரிப்புச் செலவை ஏற்பதோடு, கிடைக்கவேண்டிய வருவாயைக் கைவிடுவதும் ஆகும். இந்த இரட்டைச் செலவுக்கு ஈடான காரணத்தைக் காட்ட வேண்டியிருப்பதால்தான் அளவுகோல்கள் அவசியமாகின்றன.

முதலாவதும் கடைசியும்

எளிதில் அனைவரும் ஒப்புக்கொள்ளும் அளவுகோல் இது. ஒரு வரிசையின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் என்ஜின்களுக்கு வாதம் தேவைப்படுவதில்லை. ராஜஸ்தானின் அஜ்மீர் பணிமனையில் 1895இல் கட்டப்பட்ட எஃப்-734 என்ற மீட்டர்பாதை என்ஜின், முழுமையாக இந்தியாவிலேயே உருவான முதல் நீராவி என்ஜினாகக் கருதப்படுகிறது. புது தில்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றிருப்பதற்கு அந்த ஒரு தகுதியே போதுமானது.

விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் என்ஜின் தொழிற்சாலை 1950இல் உருவாக்கிய முதல் என்ஜினுக்குத் 'தேசபந்து' எனப் பெயரிடப்பட்டது. அதே தொழிற்சாலை 1970இல் கட்டிய கடைசி அகலப்பாதை நீராவி என்ஜின், கடைசி விண்மீன் என்று பொருள்படும் 'அந்திம் சிதாரா' என்ற பெயரைப் பெற்றது. 1972 வரை அங்கு 2,351 நீராவி என்ஜின்கள் கட்டப்பட்டன. 1995 டிசம்பரில் ஜலந்தர் - பெரோஸ்பூர் இடையே அகலப்பாதையின் கடைசி வழக்கமான நீராவி ரயிலை இழுத்த 'ஷேர்-ஏ-பஞ்சாப்' என்ஜின், அந்த ஒருநாள் பணியாலேயே தன் வகையைச் சேர்ந்த பிற என்ஜின்களிலிருந்து தனித்து நிற்கிறது.

எனினும் இந்த அளவுகோலை மட்டும் நம்பினால் அருங்காட்சியகம் தொடக்க விழாக்களின் தொகுப்பாக முடிந்துவிடும். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில் நாள்தோறும் உழைத்தவை விடுபட்டுப் போகும்.

அரியதா, வகைமாதிரியா?

தேர்வில் மிகுந்த கருத்து வேறுபாட்டை உண்டாக்குவது இக்கேள்வி. ஒன்றிரண்டே கட்டப்பட்ட விந்தையான என்ஜினைக் காப்பதா, ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு நாட்டையே சுமந்த சாதாரண என்ஜினைக் காப்பதா?

அரியவை தாமாகவே கவனத்தை ஈர்க்கின்றன. சாதாரணமானவையோ எங்கும் நிறைந்திருப்பதாலேயே ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. எங்கும் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நீடிக்கும்போதே அவை ஒன்றன்பின் ஒன்றாக உடைக்கப்படுகின்றன. கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது நல்ல நிலையில் ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை.

1947 முதல் 1967 வரை 755 என்ற எண்ணிக்கையில் உருவான டபிள்யூ.பி. வகைப் பயணிகள் என்ஜின், கூம்பிய முகப்பும் அதில் பொறித்த விண்மீனுமாக ஒரு காலகட்டத்தின் அடையாளமாகவே இருந்தது. அதன் சரக்கு ரயில் இணையான டபிள்யூ.ஜி. வகையில் 2,450 என்ஜின்கள் ஓடின. மீட்டர்பாதையில் ஒய்.பி. வகையில் 871 என்ஜின்கள் கட்டப்பட்டன. ஐந்தாண்டுத் திட்டங்களின் நிலக்கரியையும் உருக்கையும் தானியத்தையும் கொண்டுசேர்த்தவை இவையே. ஒரு சராசரி இந்தியக் குடும்பத்தின் பயண நினைவில் பதிந்திருப்பவையும் இவையே.

ஆகவே ஒவ்வொரு முக்கிய வகையிலும் மிகச் சிறந்த நிலையில் உள்ள ஒன்றை மாதிரியாகவும், பாகங்களுக்கும் ஒப்பீட்டுக்கும் உதவும் வகையில் மேலும் ஒன்றிரண்டையும் வைத்திருப்பது அறிவார்ந்த வழி. ஒரே வகையில் இருபது என்ஜின்களைப் பீடங்களில் நிறுத்திவிட்டு, வேறொரு வகையில் ஒன்றுகூட இல்லாமல் விடுவது தேர்வின்மையின் விளைவே தவிர தேர்வு ஆகாது.

பொறியியல் மதிப்பு

சில என்ஜின்கள் ஒரு சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடையாக நிற்கின்றன. அவற்றை வரைபடத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

பெங்கால் நாக்பூர் ரயில்வேக்காக இங்கிலாந்தின் பேயர் பீகாக் நிறுவனம் கட்டிய என் வகை 'கேரட்' என்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கொதிகலனை நடுவில் தாங்கி, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகளுடன் அமைந்த இந்த 234 டன் இயந்திரம், எடையைப் பல அச்சுகளில் பரப்பி, வளைவுகளிலும் ஏற்றங்களிலும் கனமான சரக்கு ரயில்களை இழுத்தது. நாட்டின் மிகப்பெரிய நீராவி என்ஜின்களுள் ஒன்றான இவ்வகையில் 1930ஆம் ஆண்டைச் சேர்ந்த 815 எண்ணுள்ள என்ஜின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் உருவானவை. நான்கு உருளைகள் கொண்ட இவற்றில், செங்குத்தான ஏற்றத்தில் பற்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பொறியமைப்புக்கு, ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்ட நீராவியே மீண்டும் செலுத்தப்படுகிறது. டார்ஜிலிங் மலை ரயிலின் பி வகைச் சிறு என்ஜின்களோ பற்சக்கரமே இன்றி, சுழல்வளைவுகளையும் முன்பின்னாக ஏறும் பாதைகளையும் கொண்டு இமயமலையில் ஏறுகின்றன. ஒரே சிக்கலுக்கு இருவேறு விடைகள் என்பதால் இரண்டையும் காப்பதில் பொருள் இருக்கிறது.

மின்சார என்ஜின்களிலும் இத்தகையவை உண்டு. மும்பையின் மலைப்பாதைகளில் ஓடிய டபிள்யூ.சி.ஜி.-1 வகை என்ஜின், நீண்ட இரு மூக்குகளையும், நீராவி என்ஜினைப்போல் சக்கரங்களைப் பிணைக்கும் இணைப்புத் தண்டுகளையும் கொண்டது. நீராவியிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய காலத்துப் பொறியாளர்களின் சிந்தனையை அதன் உடலமைப்பே காட்டிவிடுகிறது.

மனிதர்களும் நிலமும்

ஓர் என்ஜின் யாருக்காக ஓடியது என்பதும் மதிப்பின் ஒரு பகுதி. பிரான்சில் கட்டப்பட்ட 1862ஆம் ஆண்டின் 'ராம்கோட்டி' பொறியியல் அதிசயம் அன்று. வங்கத்தின் நல்ஹாத்தி - அஜிம்கஞ்ச் இடையே நான்கு அடி அகலமுள்ள, வேறெங்கும் பொருந்தாத பாதையில் ஓடத் தொடங்கிய சிறிய என்ஜின் அது. பின்னர் அகலப்பாதைக்கு மாற்றப்பட்டுக் கல்கத்தாவில் குப்பை ரயில் இழுத்தது. ஒரு நகரத்தின் கழிவை அகற்றிய உழைப்பும் ரயில்வே வரலாறே என்பதற்குச் சான்றாக அது தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பெருமைக்குரிய விரைவு ரயில்களை மட்டுமன்றி, கரும்பு ஆலை, சுரங்கம், துறைமுகம், யார்டு ஆகியவற்றில் உழைத்த சிறு என்ஜின்களையும் இந்த நோக்கில் அணுக வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் சர்தார்நகர் சர்க்கரை ஆலையில் நெடுங்காலம் பணியாற்றிய ட்வீட், மெர்சி என்னும் இரண்டும் 1873ஆம் ஆண்டைச் சேர்ந்த மீட்டர்பாதை என்ஜின்கள். ரயில்வேயின் கணக்கிலிருந்து நீங்கித் தனியார் ஆலைக்குச் சென்றதாலேயே அவை உடைபடாமல் தப்பின.

எது அசல்?

ஓர் என்ஜினின் வயதைக் கேட்டால் விடை எளிதன்று. நீராவிக் காலப் பணிமனைகளில் காலமுறைச் செப்பனிடலின்போது ஓர் என்ஜினின் கொதிகலனைக் கழற்றி, ஏற்கெனவே சீர்செய்து ஆயத்தமாக இருந்த வேறொரு கொதிகலனைப் பொருத்துவது இயல்பான நடைமுறை. சக்கரங்களும் உருளைகளும் அவ்வாறே இடம் மாறின. ஐம்பது ஆண்டுகள் ஓடிய என்ஜினில் முதல் நாளில் இருந்த பாகங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். அதனால் எந்த எண்ணுள்ள என்ஜின் என்பதை அதன் அடிச்சட்டத்தைக் கொண்டு முடிவுசெய்வதே பொதுவான மரபு.

பாதுகாப்புக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகளைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. முதலாவது, பாகங்களில் பொறிக்கப்பட்ட எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது. இரண்டாவது, பின்னாளில் செய்யப்பட்ட மாற்றங்கள் எவை, அவையும் வரலாற்றின் பகுதியா என்பது. மூன்றாவது, என்ஜினின் பணிப்பதிவேடும் வரைபடங்களும் கிடைக்கின்றனவா என்பது. ஆவணமுள்ள சாதாரண என்ஜின், ஆவணமற்ற அரிய என்ஜினைவிட வருங்கால ஆய்வாளருக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடும்.

அசல் என்பதன் பொருள் இடத்துக்கு இடம் மாறுவதும் உண்டு. நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலை பணிமனை எக்ஸ் வகை என்ஜின்களைப் புதிதாகவே கட்டித் தந்துள்ளது. அவற்றை நூறாண்டுப் பழமையானவை எனக் கூற முடியாது. ஆனால் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005இல் சேர்க்கப்பட்டது ஓடிக்கொண்டிருக்கும் ரயில்பாதை. அது தொடர்ந்து ஓடுவதற்குப் புதிய என்ஜின் உதவுகிறது. பழைய என்ஜின்களைச் சுமையிலிருந்து விடுவித்துக் காக்கவும் வழி செய்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்ளாமல், எது பழையது, எது புதியது எனப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்வதே நேர்மையான வழி.

ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா?

தேர்வு முடிந்தபின் எழும் அடுத்த கேள்வி இது. ஓடாத நீராவி என்ஜின் பாதி உண்மையையே சொல்கிறது. அதன் ஓசையும் வெப்பமும் மணமும் அருங்காட்சியகத்தில் கிடைப்பதில்லை. ஓட்டுநரும் தீயிடுபவரும் கற்ற கைத்தொழிலும் என்ஜின் ஓடும்வரைதான் உயிரோடிருக்கும்.

மறுபுறம், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பழைய உலோகத்தைத் தேய்க்கிறது. கொதிகலன் குழாய்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றப்பட வேண்டும். அழுத்தம் தாங்காத தகடுகளை வெட்டி எடுத்துப் புதியவற்றைப் பொருத்த வேண்டும். முதன்மைத் தடத்தில் ஓடுவதற்கு நவீன பிரேக் அமைப்பும் பாதுகாப்புக் கருவிகளும் தேவை. ஓட ஓட அசல் குறைகிறது.

ஃபேரி குயினின் வாழ்க்கை இந்த இருநிலைகளையும் காட்டுகிறது. 1943 வரை ஹவுராவில் காட்சிப் பொருளாக இருந்த அது, பின்னர் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. 1972இல் பாரம்பரியத் தகுதி பெற்றுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1997 ஜூலையில், 88 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பயணிகளுடன் தில்லியிலிருந்து அல்வாருக்கு ஓடியது. வழக்கமான சேவையில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று 1998இல் கின்னஸ் சான்றளித்தது. 2011இல் அதன் பாகங்கள் பல திருடுபோயின. சென்னை பெரம்பூர் பணிமனையில் சீரமைக்கப்பட்ட பிறகே அது மீண்டும் இயங்கும் நிலைக்குத் திரும்பியது. அதே ஆண்டில் அதே நிறுவனத்தால் கட்டப்பட்ட உடன்பிறப்பான இ.ஐ.ஆர்.-21 என்ஜினுக்கும் 2010இல் உயிரூட்டியது பெரம்பூர் பணிமனையே.

பல நாடுகளின் பாரம்பரிய ரயில் அமைப்புகள் பின்பற்றும் நடைமுறை இதற்கு ஓர் இடைவழியைக் காட்டுகிறது. ஒரே ஒன்றாக எஞ்சிய என்ஜினையும், அசல் பாகங்கள் மிகுந்துள்ள என்ஜினையும் நிற்கவைத்துக் காக்கலாம். ஒரே வகையில் பல இருக்கும்போது, ஏற்கெனவே பெருமளவு மாற்றப்பட்ட ஒன்றை ஓடவிடலாம். ஐரோப்பியப் பாரம்பரிய ரயில்வேக்களுக்காக 2005இல் ஏற்கப்பட்ட ரீகா சாசனம், செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்ய வேண்டும் என்றும், இயன்றவரை அம்மாற்றம் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

எங்கே வைப்பது?

புது தில்லி சாணக்கியபுரியில் 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகமே இந்திய ரயில் பாரம்பரியத்தின் தலைமை இடம். மைசூரு, சென்னை, ஹவுரா, நாக்பூர், கோரக்பூர் முதலிய ஊர்களிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. ஹரியானாவின் ரேவாரியில் 1893இல் கட்டப்பட்ட லோகோ ஷெட், ஓடும் நிலையிலுள்ள நீராவி என்ஜின்களின் இல்லமாக மீட்கப்பட்டுள்ளது. அங்குள்ள 'அக்பர்' என்ற டபிள்யூ.பி. என்ஜின் பல இந்தித் திரைப்படங்களில் தோன்றியுள்ளது.

இவற்றுக்கு வெளியே ரயில் நிலையங்கள், கோட்ட அலுவலகங்கள், பயிற்சிப் பள்ளிகள் ஆகியவற்றின் முன்னால் பீடங்களில் நிற்கும் என்ஜின்கள் ஏராளம். மக்கள் கண்முன் இருப்பது இவற்றின் நன்மை. கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்பது இவற்றின் கேடு. கொதிகலனைச் சுற்றிய உறைக்குள் தேங்கும் நீர் வெளியே தெரியாமல் தகட்டை அரிக்கிறது. பித்தளைப் பாகங்கள் காணாமல் போகின்றன. ஓடிய காலத்தில் இல்லாத பளிச்சென்ற வண்ணங்கள் பூசப்படுகின்றன. துருவின்மேல் பூசும் வண்ணம் என்ஜினை அழகாகக் காட்டலாம், காப்பதில்லை.

அதனால் ஓர் என்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போதே அது நிற்கப்போகும் இடமும், அதற்குப் பொறுப்பான அலுவலகமும் முடிவாகியிருக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பாதுகாப்பு, உடைப்பதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவது மட்டுமே.

பட்டியலுக்கு வெளியே பிழைத்தவை

வல்லுநர்களின் தேர்வு எப்போதும் சரியாகவே அமையுமா? பிரிட்டனின் அனுபவம் அதற்கு விடை தருகிறது. 1968இல் முதன்மைத் தடங்களில் நீராவி முடிவுக்கு வருமுன்னரே, நாட்டின் உடைமையாகக் காக்கவேண்டிய என்ஜின்களின் பட்டியல் அங்கு உருவாக்கப்பட்டது. 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி நீராவி என்ஜின்களில் உலகச் சாதனை படைத்த 'மல்லார்ட்' அதில் இடம்பெற்றது. ஆனால் பொதுமக்களிடையே பெரும்புகழ் பெற்ற 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்' இடம்பெறவில்லை. 1963இல் ஆலன் பெக்லர் என்ற தனிநபர் விலைக்கு வாங்கியதால்தான் அது தப்பியது. 2004இல் அந்நாட்டின் தேசிய ரயில்வே அருங்காட்சியகமே அதை வாங்க நேர்ந்தது.

வேல்ஸ் நாட்டின் பாரி நகரில் இருந்த பழைய இரும்புக் களமொன்று ரயில் பெட்டிகளை முதலில் உடைத்துக்கொண்டு, என்ஜின்களைப் பின்னுக்கு ஒதுக்கியது. அந்தத் தாமதத்தால் அங்கிருந்து 213 என்ஜின்களை ஆர்வலர்கள் மீட்டனர். எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத அந்த என்ஜின்களே இன்று அந்நாட்டின் பல பாரம்பரிய ரயில்பாதைகளில் ஓடுகின்றன.

இந்தியாவிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1907 முதல் 1927 வரை பாட்டியாலா சமஸ்தானத்தில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று இயங்கியது. எடையின் பெரும்பகுதியை ஒரே தண்டவாளம் தாங்க, ஒரு பக்கத்தில் சாலையில் உருளும் பெரிய சக்கரம் சமநிலை தந்தது. கைவிடப்பட்ட அதன் மிச்சங்களை, பிரிட்டனைச் சேர்ந்த ரயில் ஆர்வலர் மைக்கேல் சாட்டோ 1962இல் அங்குள்ள பொதுப்பணித் துறைக் கொட்டகை ஒன்றில் கண்டெடுத்தார். அமிர்தசரஸ் பணிமனையில் சீரமைக்கப்பட்ட அந்த என்ஜின், இன்று தேசிய அருங்காட்சியகத்தில் வருவோரை ஈர்க்கும் அரும்பொருள்களில் முதன்மையானது. 35 ஆண்டுகள் அதை எவரும் காக்கவில்லை. எவரும் உடைக்கவும் இல்லை.

இவற்றிலிருந்து பெறும் பாடம் பட்டியலே தேவையில்லை என்பதன்று. பட்டியலைத் தயாரிப்போர் தம் கணிப்பு பிழையாகக்கூடும் என ஏற்று, ஐயத்துக்குரியவற்றுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் தர வேண்டும் என்பதே அது. ஆர்வலர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், உள்ளூர் மக்கள் ஆகியோரின் கருத்தும் வல்லுநர் கருத்தோடு சேர வேண்டும்.

இப்போது டீசலின் முறை

உத்தரப் பிரதேசத்தின் வாராணசித் தொழிற்சாலையிலிருந்து முதல் டீசல் என்ஜின் 1964 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத் தொழில்நுட்பத்தில் உருவான டபிள்யூ.டி.எம்.-2 வகை, 2,600 குதிரைத்திறன் கொண்டது. சுமார் 35 ஆண்டுகளில் இவ்வகையில் 2,600க்கும் மேற்பட்ட என்ஜின்கள் உருவாயின. நீராவிக்கு டபிள்யூ.பி. எப்படியோ, டீசலுக்கு இது அப்படி.

இதன் பாதுகாப்பில் சில புதிய சிக்கல்கள் உள்ளன. டபிள்யூ.டி.எம்.-2 என்ஜின்களில் கணிசமானவை பிற்காலத்தில் 3,100 குதிரைத்திறனுள்ள டபிள்யூ.டி.எம்.-3ஏ வகையாக மாற்றியமைக்கப்பட்டன. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் 1960களின் அசல் நிலையில் உள்ளவை மிகச் சிலவே. அத்தகையவற்றை அடையாளம் காண்பதே முதல் பணி.

ஒரே காலத்தில் வாங்கப்பட்டுத் தோற்றுப்போன போட்டி வகையையும் மறக்கக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடமிருந்து 1962இல் பெறப்பட்ட டபிள்யூ.டி.எம்.-4 வகையில் 72 என்ஜின்கள் மட்டுமே வந்தன. அவை நன்றாகவே இயங்கின. எனினும் உள்நாட்டு உற்பத்திக்கான தொழில்நுட்ப உடன்பாடு ஆல்கோவுடன் ஏற்பட்டதால் நாடு அந்தத் திசையில் சென்றது. ஒரு நாட்டின் தொழிற்கொள்கை எவ்வாறு தீர்மானமாகிறது என்பதை விளக்க இவ்விரு வகைகளையும் அருகருகே நிறுத்தினால் போதும்.

பொருள்களின் இயல்பும் வேறு. நீராவி என்ஜின் பெரும்பாலும் எஃகும் செம்புமாக இருப்பதால், தேவையான பாகத்தைத் திறமையான பணிமனை புதிதாக வார்த்துவிடும். டீசல் என்ஜினில் உள்ள ரப்பர்க் குழாய்கள், மின்கம்பிக் காப்புறைகள், பிற்கால வகைகளில் உள்ள மின்னணு அட்டைகள் ஆகியவை தாமாகவே கெடும். அவற்றின் உற்பத்தி நின்றபின் மாற்று கிடைப்பது அரிது. ஆகவே என்ஜினோடு உதிரிபாகங்களையும் கையேடுகளையும் இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டியுள்ளது.

மின்சார என்ஜின்களுக்கு வேறொரு தடை. மும்பைப் பகுதியில் 1925இல் தொடங்கிய 1,500 வோல்ட் நேர்மின்னோட்ட முறை 2016இல் முழுமையாக விலக்கப்பட்டது. அந்த மின்னோட்டத்துக்கென்றே கட்டப்பட்டவை தம் சொந்தத் தடத்தில் இனி ஒருபோதும் ஓட இயலாது. அவற்றை நிற்கவைத்துக் காப்பது ஒன்றே வழி.

டீசலுக்கு நீராவியைப்போல் மக்கள் ஈர்ப்பு இல்லை என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. 1960களில் நீராவி என்ஜினைப் பற்றியும் புகையும் கரியும் மிக்க பழைய இயந்திரம் என்றே பேசப்பட்டது. ஏக்கம் ஒரு தலைமுறை கழித்தே பிறக்கிறது. அது பிறக்கும்போது பொருள் எஞ்சியிருக்க வேண்டும்.

முடிவு எடுக்கும் தருணம்

பயன்பாட்டுக்கு ஏற்றதன்று என அறிவிக்கப்படும் என்ஜின், ரயில்வேயின் சொத்துக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுப் பண்டகசாலையின் பொறுப்புக்குச் செல்கிறது. அதன்பின் மின்னணு ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்படுகிறது. வாங்கியவர் வெட்டத் தொடங்கிய பிறகு எந்த ஆணையும் பயன்படாது.

எனவே தேர்வு நிகழவேண்டிய இடம் ஏலக் களம் அன்று. அதற்கு வெகு முன்னதாக, என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஷெட்டிலேயே அது நிகழ வேண்டும். பணியில் இருக்கும்போதே அடையாளம் கண்ட என்ஜின் முழுமையாக, ஆவணங்களோடு, தன் சொந்தச் சக்கரங்களில் ஓடியே அருங்காட்சியகம் சேரும். கழித்துப்போட்ட வரிசையிலிருந்து மீட்கப்படும் என்ஜினோ, பிற என்ஜின்களுக்காகப் பாகங்கள் பிடுங்கப்பட்ட கூடாகவே பெரும்பாலும் வந்து சேர்கிறது.

ஷெட்டில் பணிபுரியும் தொழிலாளர்களுக்கு இதில் தனியிடம் உண்டு. எந்த என்ஜின் அசல் பாகங்களோடு இருக்கிறது, எதன் அடிச்சட்டம் விபத்துக்குப் பின் சீர்செய்யப்பட்டது, எதன் எண்பலகை வேறொன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பன பதிவேட்டைவிட அவர்கள் நினைவில்தான் கூடுதலாக உள்ளன. டீசல் ஷெட்டுகள் மின்சார என்ஜின்களுக்கு மாறிவரும் இவ்வேளையில், அந்தத் தலைமுறையும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது.

முக்கிய ஆண்டுகள்

1853: பம்பாய் - தாணே முதல் பயணிகள் ரயில்.
1855: ஃபேரி குயின், இ.ஐ.ஆர்.-21 ஆகியவை கட்டப்பட்டன.
1895: அஜ்மீரில் எஃப்-734 உருவானது.
1925: மும்பையில் முதல் மின்சார ரயில்.
1950: சித்தரஞ்சனில் 'தேசபந்து' உருவானது.
1964: வாராணசியில் முதல் டீசல் என்ஜின்.
1972: சித்தரஞ்சனில் நீராவி என்ஜின் உற்பத்தி நிறைவு.
1977: புது தில்லியில் ரயில் அருங்காட்சியகம் திறப்பு.
1995: அகலப்பாதையில் வழக்கமான நீராவி ரயில் சேவை முடிவு.
1999, 2005, 2008: டார்ஜிலிங், நீலகிரி, கால்கா - சிம்லா மலை ரயில்பாதைகள் முறையே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ப்பு.
2016: மும்பையில் நேர்மின்னோட்ட முறை முழுமையாக விலக்கல்.